தண்ணீரைப் படித்தால் சோறு கிடைக்குமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்த குரூப். வீட்டுக் கிணறு பத்து வருடத்தில் உப்பாகிப் போனதைப் பார்த்து வளர்ந்தவள், நீர், சுற்றுச்சூழல் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "மரம் நடுறதுக்கு எதுக்கு டிகிரி?" என்கிறார் அப்பா. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இருக்கிறது, சேர்க்கலாமா, வேலை கிடைக்குமா, பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். மூன்று வருடமும் பணமும் செலவழித்த பிறகு பெண் வீட்டில் உட்கார்ந்துவிடுவாளோ என்ற பயம். அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் நிலவியல்காரன். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் அதில்தான். படித்து முடித்ததும் போர்வெல்லுக்கு இடம் பார்த்துச் சொல்லும் சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, ஆறு வருடம் கருவியைத் தூக்கிக்கொண்டு கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நடந்தேன். அப்புறம் நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு மாறிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலை கேட்டு உட்கார்ந்திருக்கிறேன், வேலைக்கு ஆள் எடுக்கவும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே தண்ணீர் சம்பந்தமான படிப்பைப் பற்றி நேரில் கண்டதைச் சொல்ல முடியும். காற்று மாசு, காட்டுயிர், பருவநிலை பற்றியெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம்தான். வெளிநாட்டுப் படிப்பு என் எல்லைக்கு அப்பால். நிலவியலுக்குக் கொஞ்சம் சாய்வாகவே பேசுவேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அப்பா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பிற்பாடு பல்கலைக்கழக மானியக் குழு பாடத்திட்டம் போட, பி.காம். படித்தாலும் பி.ஏ. படித்தாலும் ஒரு பருவம் சுற்றுச்சூழல் தாள் எழுத வேண்டியதாயிற்று. நோக்கம் நல்லதுதான். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி புரட்டி, ஓசோன் படம் ஒன்று வரைந்து பாஸ் செய்கிற தாளாக அது நின்றுவிட்டது. அதை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தத் துறை என்றால் மரம் நடுவது, பிளாஸ்டிக் பொறுக்குவது, ஜூன் 5ஆம் தேதி பேரணி போவது. பல்கலைக்கழகத்தில் இதையே பாடமாக எடுத்துப் படிப்பது வேறு சமாச்சாரம். என்ன படிப்பார்கள் என்று தெரியாமல் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. அதனால் அதை முதலில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு நீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறது என்று வையுங்கள். லிட்டருக்குக் கால்சியம் 40 மில்லிகிராம், மக்னீசியம் 24, சோடியம் 46, பைகார்பனேட் 244, குளோரைடு 142. குளோரைடுக்கு இந்தியக் குடிநீர்த் தரம் 250 வரை ஏற்கிறது. மற்றவையும் கெடுதலாகத் தெரியவில்லை. எல்லாம் வரம்புக்குள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஒழுங்காகப் படித்தவர் அதற்கு முன் ஒரு கணக்குப் போடுவார். தண்ணீருக்கென்று மின்னூட்டம் கிடையாது. அதில் கரைந்திருக்கும் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் சரிக்குச் சரியாக இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால், அதாவது அயனியின் எடையை அதன் மின்னூட்டத்தால் வகுத்து வரும் எண்ணால், வகுத்தால் கால்சியம் 2, மக்னீசியம் 2, சோடியம் 2, ஆக 6. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 4, குளோரைடு 4, ஆக 8. வித்தியாசம் 2, இரு பக்கக் கூட்டுத்தொகை 14. வகுத்துப் பார்த்தால் 14 சதவீதப் பிழை. 5 சதவீதம் வரைதான் நாங்கள் விடுவோம். ஆக, அறிக்கையில் எங்கோ தப்பு. பொட்டாசியத்தைப் பார்க்காமல் விட்டார்களா? சாணக் குழியோ கழிவறைத் தொட்டியோ பக்கத்தில் இருக்கிற கிணறுகளில் அது ஏறுவதுண்டு. அல்லது குளோரைடு பார்க்கும்போது வெள்ளி நைட்ரேட்டை நிறம் மாறின பிறகும் நாலு சொட்டு கூட விட்டுவிட்டார்களா? இந்தச் சந்தேகம் வருவதற்குத்தான் படிப்பு. வேலை கேட்டு வருபவர்களிடம் இப்படி ஒரு தாளை நீட்டி "எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்பேன். எம்.எஸ்சி. முடித்து வருபவர்களிலேயே பாதிப் பேர் வரம்போடு ஒப்பிட்டுவிட்டு நல்ல தண்ணீர் என்பார்கள்.

அடுத்தது, அந்த உப்பு எங்கிருந்து வந்தது? திண்டுக்கல் என்கிறீர்கள். தோல் பதனிடும் தொழில் பல தலைமுறையாக இருக்கிற ஊர். பச்சைத் தோல் கெடாமலிருக்கச் சாதாரண உப்பைத்தான் தடவுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அவ்வளவும் தண்ணீரோடு வெளியே போகிறது. தோல் ஆலை என்றதும் எல்லோரும் குரோமியத்தைச் சொல்வார்கள். பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் காரத்தன்மையுள்ள மண்ணில் படிந்து பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். குளோரைடு அப்படியில்லை. எதிலும் ஒட்டாது, தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். சரி, அப்படியானால் உங்கள் கிணற்று உப்பு ஆலையிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிடலாமா? முடியாது. மழை குறைந்த பூமியில் பாசனத் தண்ணீர் ஆவியாகி, மிஞ்சின உப்பு திரும்பத் திரும்ப நிலத்துக்குள் இறங்கினாலும் கிணறு உப்பாகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. தோலுக்குத் தடவுகிற உப்பு உப்பளத்தில் விளைவது. அங்கே உப்பு விளையும்போது, குளோரைடின் பங்காளியான புரோமைடு பெரும்பாலும் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கழிநீரிலேயே தங்கிவிடுகிறது. அதனால் உப்பளத்து உப்பு கலந்த நீரில் புரோமைடோடு ஒப்பிட்டால் குளோரைடு அளவுக்கு மீறி இருக்கும். வெறும் ஆவியாதலால் உப்பேறிய நீரில் இரண்டும் சேர்ந்தே ஏறும், விகிதம் பெரிதாக மாறாது. இதோடு சுற்றுவட்டாரத்தில் இருபது முப்பது கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே வாரத்தில் அளந்து, நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று வரைபடம் போட வேண்டும். ஆலைக்கு மேட்டுப்பக்கக் கிணறும் உப்பு, பள்ளத்துக் கிணறும் உப்பு என்றால் ஆலை மேல் பழி போட முடியாது. மேட்டில் நல்ல தண்ணீர், பள்ளத்தில் கிட்ட வரவர உப்பு கூடுகிறது என்றால் அது சாட்சி. இதில் வேதியியல் இருக்கிறது, பாறை இருக்கிறது, நில அளவை இருக்கிறது, கடைசியில் சட்டமும் இருக்கிறது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. மாசுபடுத்தியவர் யார் என்று காட்ட மேலே சொன்ன அளவுகள் வேண்டும். கோஷம் போட்டால் போதாது.

எல்லாக் கெட்ட தண்ணீருக்கும் ஒரு குற்றவாளி இருப்பார் என்றும் நினைக்கக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே புளோரைடை யாரும் கொட்டவில்லை. பாறையில் இருக்கிற தாதுக்களிலிருந்தே கரைகிறது. கால்சியம் குறைந்து பைகார்பனேட்டும் சோடியமும் மிகுந்த நீரில் அது இன்னும் தாராளமாகக் கரையும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது நம் தரம். அதற்கு மேல் போன ஊர்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகத் திட்டம் போட வேண்டியிருந்தது. 2013இல்தான் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

இனி நிலத்தடியில் தண்ணீர் தேடும் பக்கம். தமிழ்நாட்டுப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. கடற்கரை ஓரம் மாதிரி மணலும் களியும் அடுக்கடுக்காகக் கிடையாது. மேலே சிதைந்த பாறையும் கீழே வெடிப்புகளும்தான் தண்ணீருக்கு இடம். இதனால்தான் நூறு அடி தள்ளிப் பக்கத்துக் காட்டில் மூன்று அங்குலம் தண்ணீர் பீய்ச்சும்போது உங்கள் காட்டில் புகை மட்டும் வருகிறது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களுக்கு இன்னும் மவுசு இருப்பதும் இதனால்தான். நாங்கள் நாலு இரும்புக் கம்பியை வரிசையாக அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்போம். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழத்தின் செய்தி வரும். ஆனால் களிமண்ணும் உப்புத் தண்ணீரும் கருவிக்கு ஒரே மாதிரித் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், காங்கேயம் பக்கம் நான் குறித்துக் கொடுத்த இடத்தில் 620 அடி ஓட்டினார்கள், ஈரம்கூட இல்லை. அந்த விவசாயி என்னைத் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கருவி சொன்னதைச் சாத்தியம் என்று சொல்லாமல் நிச்சயம் என்று சொன்னது என் தப்பு. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தத் துறையில் தன் கணிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரிந்து பேசுவது பாதிப் படிப்பு. வகுப்பறையில் அது வராது.

பொறியியல் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது என்றாகிவிட்ட பிறகு, சவ்வூடு வடிகட்டி, மிஞ்சுவதைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுக்கும் ஆலைகள் வந்தன. அவற்றை இருபத்து நாலு மணி நேரமும் ஓட்ட ஆள் வேண்டும். அந்த ஆலையில் எந்தத் தொட்டியில் நுரை பொங்குகிறது, ஏன் பாக்டீரியா செத்தது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இன்றைக்கும் கிராக்கி. சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும் இதே வகைப் படிப்பைக் கேட்பவைதான். 2019 ஜூனில் நகரத்து ஏரிகள் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அதே நகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைத்து யோசிக்கிறவர்கள் நீர்வளப் பொறியாளர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பக்கத்துக் கல்லூரி பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்க்கலாமா? என் அபிப்பிராயம்: இளங்கலையில் சுற்றுச்சூழல் என்ற பெயரைத் தேடாதீர்கள். வேதியியல், நிலவியல், சிவில் இந்த மூன்றில் ஒன்றை அடித்தளமாகப் போட்டுவிட்டு முதுகலையில் தண்ணீருக்கு வரட்டும். மேலே சொன்ன கிணற்றுக் கதையில் பார்த்தீர்களே, ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தது ஏதோ ஒரு தனிப் பாடம். பி.எஸ்சி. சுற்றுச்சூழலில் அந்தப் பாடங்கள் எல்லாமே இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பருவம், இரண்டு பருவம். மூன்று வருட முடிவில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஒருவர் வெளியே வருவார். ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கிற நான் வேதியியல் படித்தவரை எடுத்துத் தண்ணீரைக் கற்றுக்கொடுப்பது சுலபம் என்றுதான் நினைப்பேன். தண்ணீரில் ஆர்சனிக்கை நீக்கும் நானோ பொருளால் பெயர் பெற்று 2020இல் பத்மஸ்ரீ வாங்கிய சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் வேதியியல் துறைக்காரர்.

இது என் அபிப்பிராயம் மட்டும் என்றால் நீங்கள் தள்ளிவிடலாம். ஆனால் அரசு வேலையின் தகுதி விதிகளும் அப்படித்தான் இருக்கின்றன, அது அறிவிக்கையிலேயே அச்சாகி வருகிற விஷயம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானி ஆக யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு எழுத வேண்டும். நீர்நிலவியல் பிரிவுக்கு நிலவியல் சார்ந்த முதுகலை, வேதியியல் பிரிவுக்கு வேதியியல் முதுகலை. மாநிலத்தில் நீர்வளத்துறை 2021இல் பொதுப்பணித்துறையிலிருந்து பிரிந்து தனித் துறையானது. அங்கே உதவிப் பொறியாளர் என்றால் சிவில். குடிநீர் வடிகால் வாரியத்திலும் பெரும்பகுதி சிவில்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளர் பதவிகளுக்குச் சிவில், கெமிக்கல், சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர்களையும், விஞ்ஞானி பதவிகளுக்கு வேதியியல், உயிரியல், சுற்றுச்சூழல் முதலிய முதுகலைக்காரர்களையும் எடுத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் பட்டத்துக்கு நேரடியாகக் கதவு திறக்கிற இடம் இந்தக் கடைசி ஒன்றுதான், அதிலும் முதுகலை வேண்டும். ஒவ்வொரு அறிவிக்கைக்கும் விதி கொஞ்சம் மாறும். பழைய அறிவிக்கை நாலைந்தை இறக்கி உட்கார்ந்து படியுங்கள். கல்லூரி விளம்பரத்தில் இருக்கிற "வேலைவாய்ப்புகள்" பட்டியலை நம்பாதீர்கள்.

கணக்கும் எடுத்திருப்பதால் பொறியியல் கதவும் அவளுக்குத் திறந்தே இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தோடு சேர்ந்த வேளாண், பாசனப் பொறியியல் பி.இ. இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றல், சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக். இருக்கிறது. இரண்டுக்கும் கலந்தாய்வு வேறு வேறு, விண்ணப்பமும் வேறு வேறு. ஒன்றுக்குப் போட்டால் மற்றதும் வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். முதுகலைக்கு வந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும், சென்னை ஐ.ஐ.டி. சிவில் துறையில் இருக்கும் சுற்றுச்சூழல், நீர்வளப் பிரிவும், ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் 1972 முதல் தனித் துறையாகவே இருக்கும் நீரியலும் பெயர் சொல்லக்கூடியவை. முதுகலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் தனித் தாளாகவே வந்துவிட்டது. அதற்கு முன்னால் இந்தத் துறைப் பிள்ளைகள் வேறொரு பாடத்தின் தாளை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எதிராக ஒன்று சொல்கிறேன். எங்கள் கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் சுற்றுச்சூழல் அறிவியல். நான் பார்த்ததில் மிகக் கெட்டிக்காரர் அவர். படித்த துறையில் ஒரு பேராசிரியர் வாரத்துக்கு இரண்டு நாள் ஆற்றங்கரையில் நிறுத்தி வேலை வாங்கியிருக்கிறார். ஆகவே பெயரைவிடத் துறை முக்கியம். பக்கத்துக் கல்லூரிக்கு நேரில் போய்ப் பாருங்கள். முதல்வர் அறையில் உட்காராமல் ஆய்வகத்துக்குப் போங்கள். உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சு நிறமாலைமானி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று காட்டுவார்கள். கடைசியாக அதை எப்போது ஓட்டினீர்கள், பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். தூசி படிந்த கருவி எத்தனை லட்சம் போனாலும் பிரயோஜனமில்லை. கரைந்த ஆக்சிஜனை மாணவர்கள் குளத்துக்கரையிலேயே, அளவு மாறிவிடாதபடி மருந்து ஊற்றி நிலைநிறுத்துகிறார்களா, பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்து மத்தியானம் பார்க்கிறார்களா என்று இரண்டாம் வருடப் பிள்ளைகள் யாரையாவது கேளுங்கள். அந்த ஒரு பதிலில் துறையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

வேலை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது, தனியார் ஆய்வகங்களில் இடம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் தொடக்கச் சம்பளம் குறைவு, இரண்டு வருடத்தில் ஆள் மாறிவிடுகிறார்கள். ஐ.டி. வேலைக்குப் போன பெரியம்மா மகனோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் வீட்டில் நிம்மதி இருக்காது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நாலைந்து வருடம் நின்று, அறிக்கையில் கையெழுத்திடும் தகுதி வாங்கிவிட்டால் நிலைமை மாறும், அந்தக் கையெழுத்துக்கு ஆள் பற்றாக்குறை உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் மத்திய அரசின் 2006 அறிவிக்கைக்குப் பிறகு பெருகின. அங்கே நிலவியல், நீரியல், காற்று என்று ஒவ்வொரு பகுதிக்கும் தகுதி பெற்ற நிபுணர் வேண்டும். சம்பளம் பரவாயில்லை. மனச்சாட்சிக்கு அவ்வப்போது வேலை வரும். என்னிடமே ஒரு வாடிக்கையாளர் "அந்த ஒரு நம்பரை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார். முடியாது என்றேன், அடுத்த மாதத்திலிருந்து மாதிரிகள் வேறு கூடத்துக்குப் போயின. அந்தச் சமயத்தில் என் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

சந்தேகத்துக்குரியது, ஐந்து வருடம் கழித்து நிலைமை என்ன என்பது. விதிகள் இறுகினால் இந்தத் துறையில் வேலை பெருகும், தளர்ந்தால் சுருங்கும். திருப்பூரில் ஒரு நீதிமன்ற உத்தரவால் எத்தனை பேருக்கு வேலை வந்தது என்று பார்த்தவன் நான். எந்த உத்தரவு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனாலும்தான் அடித்தளப் பாடம் ஒன்று கையில் இருக்கட்டும் என்கிறேன். வேதியியல் படித்தவள் தண்ணீரில் வேலை இல்லையென்றால் மருந்துக் கம்பெனிக்குப் போகலாம், சிவில் படித்தவள் கட்டடத்துக்குப் போகலாம். நிலவியல் கொஞ்சம் கஷ்டம், சுரங்கம் பக்கம்தான் போக வேண்டும்.

பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கூடத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான், தலைமைப் பகுப்பாய்வாளரும் பெண்தான். களவேலையில் உண்மையான சிரமம் இரண்டு. ஒன்று, நாள் முழுக்கக் காட்டில் நிற்கும்போது கழிப்பிடம் கிடையாது. தண்ணீர் குடிக்காமலேயே மாதிரி எடுத்துவிட்டு வந்த சகாக்களை எனக்குத் தெரியும், அது உடம்புக்குக் கெடுதல். இன்னொன்று, போர்வெல் போடும் ரிக் வண்டி ராத்திரிதான் வரும், விடியவிடிய ஓட்டும். நல்ல நிறுவனம் இரண்டு பேராக அனுப்பும், வண்டி கொடுக்கும். வேலைக்குச் சேரும்போதே கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை. மற்றபடி எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளை எல்லாம் ஆண்களாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் பஞ்சத்தில் நாலு மைல் குடம் சுமந்தது யார் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, தங்கைக்குக் கணக்கு சுமார்தான் என்று எழுதியிருந்தீர்கள். சிவில், நீரியல் பக்கம் போனால் வகை நுண்கணிதம் விடாது, நிலத்தடி நீரோட்டமே அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வேதியியல், நிலவியல் வழியில் கூட்டல், வகுத்தல், மடக்கை, கொஞ்சம் புள்ளியியல் போதும், ஆனால் தப்பில்லாமல் வர வேண்டும். முடிவெடுக்கக் கலந்தாய்வு வரை நேரம் இருக்கிறது. அதுவரை அவளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்டால் கோடு போட்டு, வாரம் ஒருநாள் காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று கயிறு விட்டு அளந்து தேதியோடு நோட்டில் எழுதட்டும். எப்போதும் அதே கோடு, அதே நேரம். மழை பெய்த நாளைத் தனியாகக் குறிக்கட்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளை வருடத்துக்கு நாலு முறைதான் அளக்கிறது, அவளிடம் இரண்டே மாதத்தில் எட்டு அளவு இருக்கும். நாலாவது வாரம் அலுத்துப்போய் நோட்டை மூலையில் போட்டுவிட்டாளா, இல்லை பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் அளக்கக் கிளம்பிவிட்டாளா என்று எனக்கு எழுதுங்கள். எந்தக் கலந்தாய்வில் எந்த வரிசையில் பெயர் கொடுக்கலாம் என்பதை அப்புறம் பேசுவோம்.